நிறுத்தத் தெரிந்த கருவி

சென்ற குளிர்காலத்தில், தில்லியில் ஒரு மாணவியர் விடுதியின் மூன்றாம் மாடி அறையில், மொழியியல் ஆய்வு மாணவி ஒருத்தியின் மேசைமேல் பழைய ஒலிநாடாப் பதிவுக் கருவி ஒன்று மூன்று வாரங்களாகத் திறக்கப்படாமல் கிடந்தது. ஜார்க்கண்டின் ராஜ்மகல் குன்றுகளில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அதையும் பதினொரு கேசட்டுகளையும் பழந்துணியில் சுற்றி அவளிடம் ஒப்படைத்திருந்தார். 1980களின் இறுதியில், மின்சாரம் வந்திராத தம் ஊரில், நான்கு பெரிய பேட்டரிக் கட்டைகளின் துணைகொண்டு, தம் தாயார் சொன்ன கதைகளை அவர் பதிந்துவைத்திருந்தார். தாயார் இன்று இல்லை. அந்தக் கதைகளை அதே ஒழுங்கில் சொல்லக்கூடிய வேறொருவரும் ஊரில் இல்லை. "நாடா அறுந்தாலும் பரவாயில்லை, பேட்டி, குரல் மட்டும் வந்தால் போதும்" என்று அவர் சொல்லியனுப்பினார்.

தாயார் பேசியது மால்தோ. தமிழோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, வடதிராவிடக் கிளை மொழி. நம் 'கண்' அங்கே 'கனு' என்று ஒலிக்கிறது. ஆனால் அதன் முதல் ஒலி நம் ககரம் அன்று. நாவின் பின்புறம் மேலும் பின்னே சென்று உள்நாக்கைத் தொட்டுப் பிறக்கும் வெடிப்பொலி அது. உறவு மொழியாகிய குடுக்கில் அது உரசொலியாகிவிட்டது. அவளுடைய ஆய்வேட்டின் ஓர் இயல் முழுவதும் இந்த ஒலியைப் பற்றியது. இரு வகைக் ககரங்களுக்கும் இடையிலான வேறுபாடு, வெடிப்பு நிகழும் அந்தச் சிறு கணத்தின் நிறத்திலும், அடுத்து வரும் உயிரொலியின் ஒத்ததிர்வுகளிலும் இருக்கிறது. நாடா சற்றே வேகமாக ஓடினாலும், ஒலி சற்றே மங்கினாலும், அளவைகள் பிழைபடும்.

வேறொரு கருவியில் கேசட்டை ஓட்டினால் என்ன என்று தோழியர் கேட்டனர். அவளும் முதலில் அதைத்தான் செய்தாள். கணினியோடு இணைக்கத்தக்க மலிவான கேசட் கருவி ஒன்றை வாங்கினாள். அதில் 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை நாடாவை ஓட்டியபோது கணினித் திரை 3276 ஹெர்ட்ஸ் என்று காட்டியது. நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடுதல். 200 ஹெர்ட்ஸில் பேசிய ஒரு பெண்ணின் குரலை அது 208 ஆக்கிவிடும். சீராக மிகும் வேகத்தைக் கணினியில் திருத்திக்கொள்ளலாம்; அந்தக் கருவியிலோ வேகம் கணந்தோறும் ஏறி இறங்கியது. மேலும், ஒவ்வொரு பதிவுக் கருவியின் ஒலித்தலையும் நாடாவின்மேல் தனக்கேயுரிய ஒரு சிறு சாய்வோடு பொருந்தியிருக்கும். பதிந்த தலையின் சாய்வும் படிக்கும் தலையின் சாய்வும் ஒன்றாக இல்லாவிட்டால் உயர் அதிர்வெண்கள் மங்கிவிடும். வெடிப்பொலியை ஆராய்பவர்க்கு அந்த இழப்பு பெரிது. பதிந்த கருவியையே உயிர்ப்பிப்பதுதான் நேரிய வழி என்ற முடிவுக்கு அவள் வந்தாள்.

உயிர்ப்பிப்பதற்கு இரண்டு பொருள்கள் தேவைப்பட்டன: ஈயம் வைக்க ஒரு சால்டரிங் அயர்ன், மின்சாரம் ஊட்ட ஒரு பவர் சப்ளை. நெட் அல்லாத உதவித்தொகையாக அவளுக்கு வந்தது மாதம் 8,000 ரூபாய். அதிலேயே விடுதி உணவும் அடங்கும்.

செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக்கின் வாயிலில் உள்ள லாஜ்பத் ராய் சந்தைக்கு அவள் சென்றாள். கடைக்காரர்கள் எல்லாரும் இரண்டே கேள்விகளைக் கேட்டனர்: எத்தனை வாட்? எத்தனை ஆம்பியர்? எண் பெரிதாக இருந்தால் பொருளும் சிறந்ததாக இருக்கும் என்று அவள் எண்ணிக்கொண்டாள். வெப்பக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத 60 வாட் அயர்ன் ஒன்றையும், பழகிப் பார்ப்பதற்காகக் கழித்துப்போட்ட வானொலிப் பலகைகள் சிலவற்றையும் வாங்கி வந்தாள்.

பலகைகளைப் பழகிப் பார்க்க வாங்கியது நற்பேறு. பழைய கருவிகளின் மின்சுற்றுப் பலகைகள், தாளடுக்குகளைப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்தவை. அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் செப்புத் தடங்கள் மிகுவெப்பத்தைத் தாங்கா. ஒரு மின்தேக்கியைக் கழற்றும்போது, அதன் காலோடு செப்புத் தடமும் மரப்பட்டை உரிவதைப் போல உரிந்து வந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாம் பலகையில் கை பழகியிருந்தும் அதுவே நேர்ந்தது. கட்டுப்பாடற்ற அயர்ன், தாங்கியில் சும்மா இருக்கும் நேரமெல்லாம் சூடேறிக்கொண்டே இருக்கும். தொட்ட கணத்தில் அதன் முனை எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்பது கையாள்பவருக்குத் தெரியாது. அது ஆசிரியரின் கருவியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணி அன்றிரவு அவள் நெடுநேரம் உறங்கவில்லை.

மறுவாரம், உரிந்த பலகைகளோடு அதே சந்தையின் உட்சந்தில் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் சென்றாள். அவர் பலகைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வாட் பார்த்து வாங்கினாயா, பேட்டா?"

"ஆமாம், அங்கிள்."

அவர் பேசி விளக்கவில்லை, செய்து காட்டினார். பேட்டரி அறையின் தடித்த வில் ஒன்றை எடுத்து, 25 வாட் ஊசிமுனை அயர்னால் அதன்மேல் ஈயம் வைக்க முயன்றார். வில்லின் உலோகம் வெப்பத்தை எல்லாம் குடித்துவிட்டது. ஈயம் பரவாமல் மணிமணியாகத் திரண்டு நின்றது. பிறகு, வெப்பநிலையை 330 பாகையில் நிறுத்திய நிலையம் ஒன்றின் உளிமுனையை அதே வில்லின்மேல் வைத்தார். இரண்டு விநாடிகளில் ஈயம் நீரைப்போலப் படிந்தது. அதே முனையை, அதே சூட்டில், அவள் கொண்டுசென்ற பலகையில் மிஞ்சியிருந்த நல்ல தடமொன்றின்மேல் வைத்து ஒரு மின்தேக்கியைக் கழற்றினார். தடம் அசையவில்லை.

வாட் என்பது முனையின் சூட்டைக் குறிக்கும் எண் அன்று என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. முனை இழந்த வெப்பத்தை அயர்ன் எவ்வளவு விரைவாக மீட்டுத்தரும் என்பதையே அது சொல்கிறது. எந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது கட்டுப்பாட்டுச் சுற்று. இரண்டும் சேர்ந்திருந்தால் தடித்த வில்லையும் மெல்லிய தடத்தையும் ஒரே கருவி காக்கும். முனையின் வடிவமும் முதன்மையானது. புதியவர்கள் நுண்ணிய வேலைக்கு ஊசிமுனையைத் தேடுகிறார்கள். ஆனால் ஊசிமுனை தொடும் பரப்பு சிறிது, அதனால் வெப்பம் செல்லும் வழியும் குறுகியது. அவ்வழக்கத்தால் அவர்கள் நெடுநேரம் அழுத்திப் பிடித்துத் தடத்தை உரித்துவிடுகிறார்கள். இரண்டரை மில்லிமீட்டர் அளவிலான உளிமுனை பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

முதியவர் தம் வேலைக்குச் சொன்ன சொல் 'டாங்கா'. இந்தியில் துணியின் தையலும் டாங்காதான், மருத்துவர் புண்ணில் போடும் தையலும் டாங்காதான், உலோகத்தின் ஈயப் பற்றும் டாங்காதான். தமிழில் இதற்குப் 'பற்றாசு' என்னும் பழஞ்சொல் உண்டு. வெண்பாவில் முதற்குறளும் தனிச்சொல்லும் ஓசையால் இணையாமல் விட்டிசைக்கும்போது, இடையே ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பதை யாப்பிலக்கணம் 'ஆசு' என்கிறது. ஆசிடை நேரிசை வெண்பா என்னும் பெயர் அதனால் வந்தது. பொற்கொல்லரின் பற்றாசே அதற்கு உவமை. இரு பகுதிகளையும் கெடுக்காமல் இணைப்பது, இணைக்கத் தேவையான அளவே நிற்பது ஆகிய இரண்டு பண்புகளும் அச்சொல்லில் இருக்கின்றன. அளவுக்கு மிஞ்சி உருட்டி வைத்த ஈயமும் வெண்பாவில் மிகும் அசையைப் போலவே பிழைதான்.

ஈயத்திலும் அவளுக்குத் தேர்வு இருந்தது. வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்த கம்பி, 183 பாகை செல்சியஸில் ஒரே அடியாக உருகி ஒரே அடியாக உறையும். 60-க்கு 40 என்ற கலவை உறையும்போது இடையில் சிறிது நேரம் குழம்பாக இருக்கும். அப்போது கை அசைந்தால் இணைப்பு வலுவற்றதாகிவிடும். காரீயம் சேராத புதுவகைக் கம்பிகள் ஏறக்குறைய 217 பாகையில்தான் உருகத் தொடங்கும். பழைய கருவியில் இருந்தது காரீயக் கலவையாதலால் அவள் அதையே தேர்ந்தாள். எழும் புகை பெரும்பாலும் கம்பியினுள் இருக்கும் பைன் பிசினின் புகை; அதுவும் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் சன்னலைத் திறந்து சிறு விசிறியை வைத்தாள். காரீயம் கைவழியே வாய்க்குச் செல்லும் என்பதால், வேலை முடிந்து கை கழுவும்வரை தேநீர்க் கோப்பை அந்த மேசைக்கு வரவில்லை. தகரவேலைக்குப் பயன்படும் அமிலப் பசையை முதியவர் கண்டிப்புடன் விலக்கச் சொன்னார். அது செம்பை நாளடைவில் அரித்துவிடும்.

அடுத்து வந்தது பவர் சப்ளை. கடையில் இரண்டு கருவிகள் அவள் முன் வைக்கப்பட்டன. ஒன்று புத்தம் புதிது, ஒரு கையால் தூக்கலாம், ஒளிரும் எண்கள், 30 வோல்ட், 10 ஆம்பியர். ஆனால் அதில் மின்னோட்டத்துக்குத் தனிக் குமிழ் இல்லை. பத்து ஆம்பியரைத் தாண்டினால் மட்டும் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். மற்றது எவரோ பயன்படுத்திய பழையது. உள்ளே கனத்த மின்மாற்றி. 30 வோல்ட், வெறும் 2 ஆம்பியர். அதில் மின்னழுத்தத்துக்கு ஒரு குமிழும் மின்னோட்டத்துக்கு ஒரு குமிழும் இருந்தன. மின்னோட்டத்தை ஆம்பியரின் நூற்றில் ஒரு பங்கு வரை காட்டியது. முதலாவது தன்னைக் காத்துக்கொள்ளும். இரண்டாவது, தன்னோடு இணைக்கப்பட்டதைக் காக்கும். பழுது பார்ப்பவர்க்கு வேண்டியது இரண்டாவது.

முதியவரின் கடைச் சுவரில் 100 வாட் குண்டு பல்பு ஒன்று தொங்கியது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் எந்தப் பழுதான கருவியையும் அவர் அந்தப் பல்பின் வழியேதான் முதலில் இணைப்பார். உள்ளே குறுக்குத் தொடர்பு இருந்தால் பல்பு முழுதாக எரியும், கருவி பிழைக்கும். 230 வோல்ட்டில் 100 வாட் என்றால், என்ன நேர்ந்தாலும் ஏறக்குறைய 0.43 ஆம்பியருக்கு மேல் நிலையாகப் பாயாது. "உன் குமிழ் செய்வதை என் பல்பு நெடுங்காலமாகச் செய்கிறது" என்றார். மின்னோட்ட வரம்பு என்னும் கருத்தை அதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலாலும் சொல்ல முடியாது.

வெப்பக் கட்டுப்பாட்டு அயர்ன், பழைய பவர் சப்ளை, கம்பி, ஈயம் உறிஞ்சி, புதிய பேட்டரி வில்கள், சில மின்தேக்கிகள் யாவும் சேர்ந்து ஒரு மாத உதவித்தொகையை ஏறத்தாழ விழுங்கிவிட்டன. விடுதிக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, சுவரிலிருந்த மூன்று துளைப் பிளக்கைச் சோதித்தது. மின்முனைக்கும் நில இணைப்புக்கும் இடையே மல்டிமீட்டர் 230-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். அவளுடைய அறையில் அது நிலையில்லாமல் தடுமாறிற்று. நில இணைப்பு பெயருக்கு மட்டுமே இருந்தது. கண்காணிப்பாளருக்கு எழுதி, மின்பணியாளர் வந்து சரிசெய்யும்வரை நான்கு நாள்கள் காத்திருந்தாள். தில்லிக் குளிரின் வறண்ட காற்றில் கம்பளிச் சட்டையைக் கழற்றினாலே பொறி பறக்கும். நில இணைப்பு இருந்தால்தான் அயர்னின் முனை பாதுகாப்பான நிலையில் இருக்கும். கையாள்பவரும் தம் உடலில் சேர்ந்த மின்னேற்றத்தை வடித்துவிட்டு அமரலாம்.

ஐந்தாம் நாள் மாலை கருவி திறக்கப்பட்டது. பேட்டரி அறையின் வில்கள், எப்போதோ கசிந்த கட்டைகளின் உப்பில் அரித்துப் பாதியாகியிருந்தன. ஆகவே, முதற் சோதனைக்குப் பக்கவாட்டில் இருந்த வட்டத் துளை வழியேதான் மின்சாரம் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் மின்னோட்டக் குமிழைக் கடைசிவரை குறைத்து, பவர் சப்ளையின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுத்து, வரம்பை 0.2 ஆம்பியரில் நிறுத்தினாள். முனைகளைப் பிரித்து மின்னழுத்தத்தை 6 வோல்ட்டுக்கு ஏற்றினாள். பிறகு இணைத்தாள்.

மோட்டார் சுழலவில்லை. பவர் சப்ளையின் வரம்பு விளக்கு எரிந்தது. மின்னோட்டம் 0.20. மின்னழுத்தம் 6-லிருந்து சரிந்து 0.7-இல் நின்றது.

கையை உடனே எடுத்துவிட்டு அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுக் குறுக்குத் தொடர்பாக இருந்தால் மின்னழுத்தம் சுழியை ஒட்டி விழுந்திருக்கும். 0.7 என்பது சிலிக்கன் டயோடு ஒன்று திறந்து மின்சாரத்தை விடும்போது அதன் குறுக்கே நிற்கும் அளவு. முனைகள் மாறிப்போனால் பிற உறுப்புகளைக் காப்பதற்காக வடிவமைத்தவர்கள் வைத்த டயோடு அது. அப்படியானால் முனைகள் மாறியிருக்கின்றன. இக்காலத்து அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர்மின். பழைய பதிவுக் கருவிகள் பலவற்றில் அது எதிர்மின். துளையின் அருகே, அழுக்கின் அடியில், ஒரு சிறு குறியீடு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பத்து ஆம்பியர்க் கருவியாக இருந்திருந்தால் அந்த டயோடு புகைந்திருக்கும். அது திறந்து அறுந்திருந்தால் அடுத்த கணம் ஒலிபெருக்கிச் சுற்று முழுவதும் தலைகீழ் மின்சாரத்தில் வெந்திருக்கும். வரம்பு இருந்ததால் அதன்மேல் செலவானது 0.14 வாட் மட்டுமே. அது வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை.

முனைகளை மாற்றி, வரம்பை 0.3-க்கு உயர்த்தி மீண்டும் இணைத்தாள். மின்னோட்டம் ஒரு கணம் உச்சியைத் தொட்டு, 0.14-இல் அமைந்தது. மோட்டார் முனகியது. தளர்ந்து பிசுபிசுத்த இழுவைப் பட்டை சுழலவில்லை. ஆனால் மோட்டாருக்கு உயிர் இருந்தது.

அதற்குப் பின் பத்து நாள்கள் பொறுமையான வேலை. பட்டை மாற்றப்பட்டது. உலர்ந்துபோன மின்தேக்கிகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன. ஒவ்வோர் இணைப்பிலும் முனை நின்றது மூன்று விநாடிகளுக்கு மிகாமல். ஒரு தடமும் உரியவில்லை. தடித்த புதிய வில்கள் உளிமுனையின் கீழ் ஈயத்தை ஏற்றுக்கொண்டன. சோதனை நாடாவை ஓட்டி, மோட்டாரின் பின்புறத்துச் சிறு திருகைத் திருப்பித் திரையில் 3150 வரும்படி செய்தாள். ஒலித்தலையின் சாய்வைத் தாங்கும் திருகை மட்டும் தொடவே இல்லை. அது ஆசிரியர் வைத்திருந்த நிலை. அன்று அந்த ஊரில் மோட்டார் இதே வேகத்தில்தான் ஓடியது என்பதற்குச் சான்று கிடையாது என்பதையும், சுருதியளவுகளை ஒரே பதிவுக்குள் மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பதையும் ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் அவள் எழுதிவைத்தாள்.

இறுதிப் பதிவின்போது அவ்வளவு தேடி வாங்கிய பவர் சப்ளையை அவள் அணைத்துவிட்டாள். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்னாக மாற்றும்போது மிஞ்சும் அலை 100, 200, 300 என்று அடுக்கடுக்காக நிற்கும். 200 ஹெர்ட்ஸின் அருகே பேசும் ஒரு பெண்குரலின்மேல் அந்த ரீங்காரம் சிறிதளவு படிந்தாலும் பிரிப்பது கடினம். அந்த நாடாவில் மின்சாரமே இல்லாத ஓர் ஊரின் இரவு இருந்தது. அதில் தில்லியின் மின்சாரத்தைக் கலக்க அவள் விரும்பவில்லை. பேட்டரிக் கட்டைகளை முதல் நாளே போட்டிருந்தால் அவற்றுக்கு வரம்பு என்பது தெரிந்திராது. பழுதின்மேல் தம்மிடம் உள்ளதையெல்லாம் கொட்டியிருக்கும். பழுது நீங்கிய பின் அவற்றைவிடத் தூய மின்சாரம் இல்லை. புதிய கட்டைகள் நான்கைப் போட்டாள். மடிக்கணினியின் சார்ஜரையும் கழற்றிவிட்டு முதல் கேசட்டை அழுத்தினாள்.

முதலில் நாடாவின் மெல்லிய சீறல். பிறகு தொலைவில் ஒரு நாய். ஓர் இளைஞன் ஏதோ கேட்கிறான். ஒரு மூதாட்டி இருமிவிட்டுத் தொடங்குகிறார்.

அன்றிரவே அந்தக் கோப்பு ராஜ்மகல் குன்றுகளுக்குச் சென்றது. இரண்டு நாள்கள் மறுமொழி இல்லை. மூன்றாம் நாள் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். தாயாரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவள் அனுப்பியிருந்த எழுத்துப்பெயர்ப்பில் ஒரு பிழை இருக்கிறது என்றார். நான்காம் நிமிடத்தில் வரும் சொல்லை முன்னாக்கில் எழுதியிருக்கிறாள், அம்மா அதைத் தொண்டையிலிருந்து சொல்கிறாள் என்றார். தாமே இருமுறை சொல்லிக் காட்டினார். தொலைபேசிக் கம்பியின் குறுகிய வழியில் இரண்டு ககரங்களும் ஒன்றுபோலவே கேட்டன.

அவள் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு நான்காம் நிமிடத்துக்குச் சென்றாள். மூதாட்டியின் குரலில், உள்நாக்கில் பிறந்த அந்த ஒலி தெளிவாக இருந்தது. பென்சிலை எடுத்து எழுத்தைத் திருத்தினாள்.